இரண்டு வலது காறை எலும்புகள்

அவருக்கு முகம் மனதில் நிற்காது. பத்து வருடம் பக்கத்து வீட்டில் குடியிருந்தவரைக் கடைத்தெருவில் பார்த்தால்கூட, ரயில் நேரம் விசாரிக்க வந்த யாரோ என்பதுபோல விழிப்பார். ஆனால் எதிரில் இருப்பவரின் சட்டையில் மேல் பொத்தான் திறந்திருந்தால் போதும். பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கும். உடனே முகம் மலர்ந்துவிடும். “இடது பக்கம், வெளி ஓரம், சைக்கிள்! சரிதானே?” என்பார். சரியாகத்தான் இருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், சைக்கிள் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்த எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுப்பவர் அவர். எண்பதுகளின் கடைசியில் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்தில் யார் எதை உடைத்துக்கொண்டாலும் அவரிடம்தான் வரவேண்டும். கை, கால், விலா எல்லாவற்றையும் முறையாகத்தான் எடுப்பார். ஆனால் காறை எலும்பு என்றால் அவருக்கு ஒரு தனிக் கிறுக்கு. கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தோள்வரை ஓடுகிறதே, அந்த மெல்லிய எலும்பு. ஊரே காலர் போன் என்று சொல்லும்போது அவர் மட்டும் வாய் நிறையக் காறை எலும்பு என்பார்.

“மத்த எலும்பெல்லாம் சதைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். இது ஒண்ணுதான் வெளியில வந்து வணக்கம் சொல்லும்” என்பது அவர் கட்சி.

இந்தக் கிறுக்கால் ஒருமுறை பஸ்ஸில் செருப்படி வாங்கியிருக்க வேண்டியவர். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளின் கழுத்தை இவர் நின்றபடி பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “யோவ், இன்னாய்யா அங்க பாக்கற?” என்று செருப்பில் கை வைத்துவிட்டாள். இவர் பதறாமல், “வலது பக்கம், மாடிப்படி, போன தீபாவளிக்கு முந்தின வாரம்” என்று சொல்லி முடித்தார். அந்த அம்மாள் செருப்பிலிருந்த கையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, “அட, நம்ம எக்ஸ்ரே சாரு! குந்து சார், குந்து” என்று எழுந்து இடம் கொடுத்தாளாம். அன்றிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கூரையைத்தான் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி உத்தரவு போட்டிருந்தார். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. மரியாதைக்காகக் குணம் என்கிறேன். அந்த நாட்களில் எனக்கு அது வியாதியாகத்தான் பட்டது. படத்தில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. படத்தில் இல்லாததை, தலைகீழாக நின்றாலும், சொல்ல வைக்கவும் முடியாது.

எக்ஸ்ரே எடுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்லவேண்டும் என்பது ஊர் வழக்கம். இவர் இருட்டறையிலிருந்து படத்தைச் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் செருகி, கல்யாண ஆல்பம் காட்டுவதுபோல ஆரம்பித்துவிடுவார். படம் எடுத்து முடிப்பதற்கும் கழுவி முடிப்பதற்கும் நடுவில் கரண்ட் போவது அந்தப் பக்கத்தில் சகஜம். அப்போது ஈரப் படத்தோடு நேரே தெருவுக்குப் போவார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸோடு கூடிவிடுவார்கள். டீ மாஸ்டர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பார்.

“இன்னா சார், ரெண்டா பூடுச்சே! இது ஒட்டிக்குமா?”

“ஒட்டிக்கும் ஒட்டிக்கும். இதுக்குப் போய் ஏன்யா பயப்படறே?”

உடைத்துக்கொண்டவன் ஓரமாகத் தோளைப் பிடித்தபடி நிற்பான். அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அவருடைய மனைவியின் தம்பி ஒருமுறை மருத்துவ விடுப்புக்காக வந்து, காறை எலும்பில் சின்னதாக ஒரு விரிசல் இருப்பதாகச் சொல்லச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். இவர் படம் எடுத்தார். விரிசல் இல்லை. “இல்லாதத எப்படி மச்சான் இருக்குன்னு சொல்றது?” என்று கைவிரித்துவிட்டார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் ஒரு மாதம் மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க மச்சானோட எலும்பு. ஒரு கீறல் கிடையாது. என்ன லட்சணம் பாருங்க!” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். விஷயம் மச்சானின் மேலதிகாரி காதுவரை போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. “நான் புகழத்தானே செஞ்சேன்?” என்று இவர் கடைசிவரை அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் என் தலையெழுத்து போய் மாட்டியது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செம்பாக்கத்தில் வீடு, பாரிமுனையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அந்தோணி அதே அலுவலகம். வீடு மாடம்பாக்கம். தாம்பரத்திலிருந்து ஒரே ரயில், ஒரே பெட்டி. இரண்டு வருடம் ரயிலிலேயே காதலித்தோம். என் வீட்டில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். அவன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டால் சோறு கிடையாது. இதற்கிடையே செங்கல்பட்டில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

அப்பாவிடம் வந்து பேசு என்று அந்தோணியைப் பிடுங்கி எடுத்தேன். அவன், “முதல்ல உங்க முருகன்கிட்ட பேசிடறேன். அவர் ஒத்துக்கிட்டா எனக்கு தைரியம் வந்துடும்” என்றான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அண்ணனின் ஸ்கூட்டரில் குன்றத்தூர் மலைக்குப் போனோம். நான் வீட்டில் குரோம்பேட்டையில் தோழி வீடு என்று சொல்லியிருந்தேன். அவன் பூசையை முடித்துக்கொண்டு வந்திருந்தான். முருகனிடம் என்ன பேசினானோ தெரியாது. திரும்பி வரும் வழியில் ஒரு எருமை குறுக்கே வந்தது. யார் வழி விடுவது என்று முடிவாவதற்குள் புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லியில் ஸ்கூட்டர் வலது பக்கமாகச் சறுக்கி விழுந்தது. அவனுக்கு வலது காறை எலும்பு. எனக்கும் வலது காறை எலும்பு. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா அழுதாள், நம்பினாள். அப்பாதான் ஆபத்து. அவர் டெலிபோன் துறையில் பூமிக்கடியில் போகும் கேபிள்களைப் பழுது பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளர். நாலு மைல் நீளக் கம்பியில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் தோண்டுவதுதான் தொழில்.

“எந்தப் படி? மேலேர்ந்து எத்தனாவது?” என்று கேட்டார்.

“எட்டாவது” என்றேன், யோசிக்காமல்.

“ம்” என்றார்.

பெண் பார்க்கும் நாளை மட்டும், எலும்பு கூடின பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். அதாவது என் காறை எலும்பு கூடும்வரைதான் எனக்கு அவகாசம். உடைந்த எலும்பு கூடவே கூடாது என்று சாமி கும்பிட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அந்தோணியைக் காலையிலேயே போய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நான் சாயங்காலம் அப்பாவோடு போனேன். அன்றுதான் அந்த மனிதரை முதலில் பார்த்தேன்.

எனக்கு முன்னால் கோவளம் பக்கத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு அக்கா நின்றிருந்தாள். கூடையோடு வழுக்கி விழுந்து இடது காறை எலும்பு போயிருந்தது. கழுத்தில் இருப்பதையெல்லாம் எடுத்தால்தான் எலும்பு தெளிவாகத் தெரியும் என்று அவர் சொன்னதும் அந்த அக்கா போட்ட சத்தத்தில் சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாது, தாலிய கழட்டணுமா? எம் புருசன் கடலுக்குப் போய்க்கீறான் சார்! அவன் கரையேற வரிக்கும் இது கீழ எறங்காது. எலும்பு ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது, நான் வர்றேன்.”

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு மஞ்சள் நூல்கண்டு, ஒரு டப்பா நிறைய விரலி மஞ்சள். ஒரு துண்டு மஞ்சளை நூலில் கட்டி நீட்டினார்.

“கழட்ட வேணாம்க்கா. முதல்ல இத கட்டிக்கோ. அப்புறமா அத இறக்கு. உன் கழுத்து ஒரு நொடிகூட சும்மா இருக்காது. மஞ்சளும் நூலும் எலும்ப மறைக்காது, தங்கம்தான் மறைக்கும்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கட்றது யாரு? நீயா கட்டுவ?” என்றாள். அவர் வெட்கப்பட்டு இருட்டறைக்குள் ஓடிவிட்டார். அவளுக்கு வலது கை மட்டும் வேலை செய்யும். எனக்கு இடது கை மட்டும். இரண்டு பேர் கையும் சேர்ந்து ஒருவழியாக முடிச்சைப் போட்டோம். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். இந்த ஆளை அவருக்குப் பிடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என் முறை வந்தது. சுவரோரம் நிறுத்தி, “தோள தொங்கப் போடு. மூச்ச இழும்மா… புடி… அப்படியே இரு… போதும், விட்டுடு, விட்டுடு, நீல கலர் ஆயிடப் போற” என்றார். கொஞ்ச நேரத்தில் படம் சொட்டச் சொட்ட வெளியே வந்து விளக்குப் பெட்டியில் ஏறியது. அப்பா பக்கத்தில் போய் நின்றார்.

“வலது பக்கம், நடு எலும்பு. சுத்தமான உடைசல் சார். ஆறு வாரத்துல கூடிடும்” என்றார் அவர், லட்டு கிடைத்தவர் மாதிரி.

“இது என்ன தம்பி, தோள் பக்கம் பொட்டுப் பொட்டா?”

“ஜல்லித்தூள் சார். தோலுக்குள்ள ஏறியிருக்கு.”

“ஸ்டேஷன் படிக்கட்டுல ஏது ஜல்லி?”

“படிக்கட்டு எனக்குத் தெரியாது சார். படத்துல ஜல்லி இருக்கு.”

நான் கூரையைப் பார்த்தேன். அவர் அதோடு விட்டாரா? திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு, “இருங்க இருங்க, ஒரு அதிசயம் காட்டறேன்” என்று உள்ளே ஓடினார். காயப்போட்டிருந்த இன்னொரு படத்தை எடுத்துவந்து என் படத்துக்குப் பக்கத்தில் செருகினார். “காலையில ஒருத்தர் வந்தார். பாருங்க சார். அதே வலது, அதே நடு எலும்பு, அதே ஜல்லி! ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இல்ல? என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஜோடிய நான் பாத்ததே இல்ல!”

எனக்கு உடைந்த எலும்பு வலித்ததா, இல்லையா என்றே ஞாபகம் இல்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் ஓரத்தில் இருந்த பெயரைப் படித்தார். ஆறுமுகம். பயந்தாங்கொள்ளி அந்தோணி பொய்ப் பெயர் கொடுத்திருக்கிறான். முந்தின நாள்தான் குன்றத்தூர் போய்விட்டு வந்தவன் வாயில் வேறு எந்தப் பெயர் வரும்? பெயர் மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருப்போம். அவனுக்குக் கையைத் தூக்க முடியாததால் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வரவில்லை. முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு எடுத்திருக்கிறார்கள். சங்கிலி கடைசி நேரத்தில் சரிந்து முன்னால் வந்துவிட்டது. ஆறுமுகத்தின் நெஞ்சுக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை, வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தது.

“ஆறுமுகம் சிலுவை போட்டிருக்காரே” என்றார் அப்பா.

“பேரு அவர் வாயால சொன்னது சார். சிலுவை படத்துல இருக்கு. நான் படத்தைத்தான் நம்புவேன்” என்றார் அந்தப் புண்ணியவான்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். “குன்றத்தூர் ரோட்டுல எங்க ஆளுங்க கேபிளுக்குத் தோண்டின எடத்துல இப்பதான் புதுசா ஜல்லி கொட்டியிருக்காங்க.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு புதுப் பழக்கம் ஆரம்பமாயிற்று. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் கிளம்பிவிடுவார். டீ குடிக்கப் போகிறாராம். “வீட்டுல டீ இல்லாமயா கெடக்கு?” என்று அம்மா கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிடுவார். எக்ஸ்ரேகாரரோடு உட்கார்ந்து என்னதான் பேசுகிறார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதருக்குத்தான் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதே.

மூன்றாவது வாரம் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தாம்பரம் பிளாட்பாரத்தில் அந்தோணியும் நானும் பத்தடி தள்ளித் தள்ளி, அந்நியர்களைப் போல நின்றோம். இருவர் முதுகிலும் எட்டுப் போட்ட மாதிரிக் கட்டு. இருவருக்கும் வலது கை தூளியில். பூக்காரம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “இன்னாமா, ரெண்டு பேரும் ஒரே டிசைன்ல கீறீங்க?” என்றாள். பிளாட்பாரமே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. வலியோடு சிரித்தேன். மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நன்றாகத் தெரிந்த பிறகு வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதை நிறுத்தவே முடியாது.

எலும்பு எப்படிக் கூடுகிறது என்று பார்க்க இரண்டாவது படம். எனக்குச் சனிக்கிழமை நாலு மணி சொல்லியிருந்தார். அப்பாவோடு போனால் பெஞ்சில் அந்தோணி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் சனிக்கிழமை நாலு மணி! இரண்டு வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசையில் எக்ஸ்ரேகாரர் செய்த காரியம். நான் அந்தோணியைப் பார்க்காத மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான். அப்பா சாவகாசமாக அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். படம் எடுக்கும் அறைக்குள் மற்றவர்கள் வரக் கூடாது. அதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

“அண்ணா, ஒரு உதவி. எலும்பு இன்னும் கூடலன்னு எங்கப்பாகிட்ட சொல்லிடுங்க.”

“படத்துல கூடியிருந்தா?”

“அப்பவும் கூடலன்னு சொல்லுங்கண்ணா. கூடிடுச்சுன்னா என்னைப் பொண்ணு பாக்க வந்துடுவாங்க. எனக்கு இஷ்டமில்ல.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் என்னைவிட அதிகமாகப் பதறிப்போனார். “அது என்னால ஆகாதும்மா. வேற எது வேணாலும் கேளு. மூச்ச இழு…”

இழுத்தேன். அந்த மூச்சில் அவரை நன்றாகச் சபித்தேன். பத்து நிமிடத்தில் ஈரப் படத்தோடு வெளியே போய், “அடடா, என்னமா பொங்கி வந்திருக்கு சார்! புது எலும்பு!” என்று அப்பாவிடம் கூத்தாடினார். செங்கல்பட்டு மாப்பிள்ளை என் மனதுக்குள் தலை சீவிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

பிறகு சீட்டைப் பார்த்து, “ஆறுமுகம்!” என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. “ஆறுமுகம் யாருங்க?” அந்தோணி இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெயர் ஆறுமுகம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அப்பா அவன் தொடையில் மெதுவாகத் தட்டினார்.

“தம்பி, உங்களைத்தான் கூப்பிடறாங்க.”

அந்தோணியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து உள்ளே போனான்.

இரண்டு படமும் விளக்குப் பெட்டியில் ஏறின. அப்பா எழுந்து போய்க் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். நானும் அந்தோணியும் பின்னால், மதிப்பெண் வாங்க வந்த பிள்ளைகளாக நின்றோம். அப்பா திரும்பாமலேயே கேட்டார்.

“ஏன் தம்பி, இந்த ஆறுமுகம் எப்படி விழுந்திருப்பார்? எலும்பப் பாத்தா தெரியுமா?”

அந்த மனிதர் உடனே பதில் சொல்லாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். படத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கழுத்தை இல்லை, முகத்தை. என் கண்ணில் ஈரம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

“தெரியும் சார்” என்றார். “கீழ விழற எவனும் முதல்ல கையத்தான் ஊனுவான். ஊனினா மணிக்கட்டு போகும், உள்ளங்கை தேயும். இவர் கைய ஊனவே இல்ல சார். நேரா தோள்ல வந்து விழுந்திருக்கார். ஏன்னு கேளுங்க. இவர் கை பின்பக்கம் போயிருக்கு. பின்னாடி உக்காந்திருந்த ஆளப் புடிக்கப் போயிருக்கு. தன்னக் காப்பாத்திக்கணும்னு இவர் நினைக்கல. இந்தப் படத்துல எனக்கு அதான் தெரியுது.”

அப்பா அந்தோணியின் வலது கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் கை கடைசிவரை ஆக்ஸிலரேட்டரை விடவே இல்லை. பயத்தில் முறுக்கிப் பிடித்தபடியே விழுந்தான். வண்டி படுத்த பிறகும் எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. எருமை அந்தச் சத்தத்துக்குத்தான் மிரண்டு ஓடியது. இந்த உண்மை தெரிந்த இரண்டு பேரும் அந்த அறையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

அப்பா அந்தோணியின் கையை விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே எக்ஸ்ரேகாரரிடம்தான் பேசினார்.

“எலும்பு கூடினதும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க தம்பி. சொந்தப் பேர்ல வரச் சொல்லுங்க.”

டீ மாஸ்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலு கிளாஸ் டீ தானாக வந்தது.

செங்கல்பட்டுக்கு அப்பா அன்றே ஆள் அனுப்பிவிட்டார். அம்மா நாலு நாள் அழுதாள். மாடம்பாக்கத்தில் அந்தோணியின் அம்மா ஐந்து நாள் அழுதாளாம். ஆறாம் நாள் இரண்டு அம்மாக்களும், கல்யாணச் சமையல் எந்த வீட்டுப் பக்கம் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். சண்டை வந்துவிட்டால் சம்மதம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

ஆறாவது வாரம் மூன்றாவது படத்துக்கு நான் தனியாகப் போனேன். மத்தியானம், கூட்டம் இல்லை. வழக்கம்போல என் முகம் அவருக்கு ஞாபகம் இல்லை. படத்தைப் பெட்டியில் செருகியதும்தான், “அட, நீங்களா! ஆறுமுகத்தோட ஜோடி!” என்று குதித்தார். எனக்கு மூன்று வாரமாக மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

“அண்ணா, விழும்போது கை எங்க இருந்துச்சுன்னு நிஜமாவே படத்துல தெரியுமா?”

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“எப்படிம்மா தெரியும்? தோள்பட்டையோட படமே முடிஞ்சு போச்சே. கைய நான் எடுக்கவே இல்லையே.”

“அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கைதுடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார். முதல்முறையாகத் திருடியவர் முகம் அப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது.

“உங்கப்பா மூணு வாரமா தினம் இங்க வந்தார்ம்மா. டீ வாங்குவார், குடிக்க மாட்டார். அந்தப் பையனோட பழைய படத்த மாட்டச் சொல்லி அதையே பாத்துக்கிட்டு நிப்பார். ‘பையன் எப்படி, ஏதாவது தெரியுதா, தம்பி?’ன்னு தினம் கேப்பார். எலும்பு நல்ல எலும்பு சார்னு நானும் தினம் சொல்லுவேன். அது அவருக்குப் போதல. அவர் வேண்டாம்னு சொல்ல வழி தேடல. சரின்னு சொல்றதுக்கு ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தார். படத்துல இருந்திருந்தா முதல் நாளே குடுத்திருப்பேன். இல்ல. அதான், நானா ஒரு காரணத்த செஞ்சு குடுத்துட்டேன்.”

எனக்கு ஆக்ஸிலரேட்டர் ஞாபகம் வந்தது. அப்பாவின் ஆறிப்போன டீயும் ஞாபகம் வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினேன். அவர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, என் வலது தோளைப் பார்த்துப் பதறினார்.

“ஐயோ, அழறதுன்னா அழுங்க, சிரிக்கிறதுன்னா சிரிங்க. தோள மட்டும் குலுக்காதீங்கம்மா. இன்னும் கால்வாசி கூட வேண்டியிருக்கு!”